ஒரு வாரம் காத்திருக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 61. மாதவிலக்கு நின்று பத்து வருடம் கழித்து லேசாக ரத்தம் பட்டது. பயாப்ஸியில் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் என்கிறார்கள். உடனே ஆபரேஷன் செய்யாமல், ‘அடுத்த வாரம் டியூமர் போர்டில் பேசிவிட்டுச் சொல்கிறோம்’ என்கிறார்கள். தட்டிக்கழிக்கிறார்களோ?
- வாசகி, கும்பகோணம்

பதில்: இல்லையம்மா. டியூமர் போர்டு என்பது பல துறை டாக்டர்கள் சேர்ந்து உட்கார்ந்து சிகிச்சையை முடிவு செய்யும் கூட்டம். அந்தக் கூட்டங்களில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். திரையில் எம்ஆர்ஐ படத்தைப் போட்டு, கட்டி கர்ப்பப்பைத் தசையில் பாதி ஆழத்தைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்போம். அறுவை எவ்வளவு பெரிது, பிறகு கதிர்வீச்சு வேண்டுமா என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அம்மாவின் சர்க்கரையும் இதயமும் மயக்க மருந்தைத் தாங்குமா என்று மயக்கவியல் டாக்டர் சொல்ல வேண்டும்.

ஒருமுறை அறுவைக்கு நாளே குறித்துவிட்டோம். பேத்தாலஜி டாக்டர் பயாப்ஸித் திசு வைத்த கண்ணாடி ஸ்லைடை நுண்ணோக்கியில் மறுபடி பார்த்து, ‘இது கர்ப்பப்பை வாயில் தொடங்கியது’ என்றார். ஆபரேஷன் ரத்து; கதிர்வீச்சும் கீமோவும் என்று சிகிச்சையே மாறியது. அதனால், வேறு இடத்தில் பயாப்ஸி எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு ஸ்லைடு, திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக் இரண்டையும் கேட்டு வாங்கிப் போங்கள்.

சென்னையில் 1980-களிலிருந்து கர்ப்பப்பை வாய்ப் புற்று குறைந்துவருகிறது, அம்மாவுக்கு வந்திருக்கும் வகையோ கூடுகிறது. உடல் பருமன் ஒரு முக்கியக் காரணம். கர்ப்பப்பை உட்சுவரை வளரத் தூண்டும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைக் கொழுப்புத் திசுவும் உண்டாக்கும்.

அப்புறம், அம்மா சாப்பிடும் மாத்திரைகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரத்தம் உறைவதைக் குறைக்கும் ஆஸ்பிரின் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.