போவி நல்ல நடிகரா?

கேள்வி: ராக் பாடகர் டேவிட் போவி உண்மையிலேயே நல்ல நடிகரா, இல்லை புகழுக்காக நடிக்க வைத்தார்களா? – வாசகி, கும்பகோணம்

பதில்: நல்ல நடிகர்தான், சந்தேகமே வேண்டாம். பாடிப் பெயர் வாங்கும் முன்பே லண்டனில் லிண்ட்சே கெம்ப் என்ற மேடைக் கலைஞரிடம் மைம் (பேசாமல் உடலசைவாலேயே நடிக்கும் கலை) கற்றவர். 1980-இல் நியூயார்க்கின் நாடக அரங்குப் பகுதியான பிராட்வேயில் 'தி எலிஃபன்ட் மேன்' நாடகத்தில், உருக்குலைந்த உடலோடு வாழ்ந்த மனிதராக நடித்தார். முகத்தில் ஒட்டு மேக்கப் கிடையாது. உடம்பைக் கோணலாக்கி, குரலை மாற்றியே அவரைக் கண்முன் நிறுத்தினார். என் கணக்கில் அவருடைய உச்சம் அதுதான். அதைப் பார்த்துத்தான் ஜப்பானிய இயக்குநர் ஓஷிமா, 1983-இல் வந்த தன் 'மெர்ரி கிறிஸ்மஸ், மிஸ்டர் லாரன்ஸ்' என்ற போர்க்கைதிகள் பற்றிய படத்துக்கு அவரை அழைத்தார். அதில் எதிரே நடித்த ஜப்பானியர் ரியுச்சி சகாமோட்டோவும் இசைக்கலைஞர். படத்துக்கு இசையும் அவரே. அப்புறம் 2006-இல் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலனின் 'தி பிரஸ்டீஜ்' படத்தில் மின்சார விஞ்ஞானி டெஸ்லாவாகக் கொஞ்ச நேரமே வருவார். அந்த நிதானம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.