ஒரே கேம்ப்ல பிறந்த அண்ணன் இந்தியர், தம்பி இல்லையா?

கேள்வி: நான் 1986 பிப்ரவரில மண்டபம் அகதிகள் கேம்ப்ல பிறந்தேன், தம்பி 1990-ல. அப்பா அம்மா இலங்கையில இருந்து வந்தவங்க. பாஸ்போர்ட் கேட்டா 'நீங்க இலங்கை ஆளு'னு திருப்பிட்டாங்க. என் மனைவியும் கேம்ப்ல பிறந்தவதான், 1991-ல. பொண்ணு பிறந்தது 2013-ல. பிறந்த இடம் கணக்கா, பெத்தவங்க கணக்கா சார்?

பதில்: உங்களுக்கு பிறந்த இடம், தம்பிக்கு பெத்தவங்க. கேக்கவே கஷ்டமா இருக்கும், ஆனா சட்டம் அப்படித்தான் எழுதி வச்சிருக்கு. 1955 குடியுரிமைச் சட்டத்துல 3-வது பிரிவுப்படி 26.1.1950-ல இருந்து 30.6.1987 வரைக்கும் இந்தியாவுல பிறந்த யாரும் (வெளிநாட்டு தூதர் பிள்ளைகள் மாதிரி சிலரைத் தவிர) இந்தியக் குடிமகன்தான், அப்பா அம்மா எந்த நாடுன்னு பார்க்கவே மாட்டாங்க. அதனால நீங்க குடியுரிமை 'வாங்க' வேண்டியதில்ல, பிறந்த அன்னைக்கே அது உங்களோடது. உங்க மாதிரியே 1986-ல மண்டபம் கேம்ப்ல பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லி 2022-ல ஹைகோர்ட் மதுரை கிளை உத்தரவு போட்டுச்சு, அவங்க 2024 தேர்தல்ல ஓட்டும் போட்டாங்க. அந்த தீர்ப்பு நகலையும் சேர்த்து வச்சு மறுபடி அப்ளை பண்ணுங்க, மறுத்தா காரணத்தை எழுத்துல கேட்டு வாங்குங்க, ஹைகோர்ட்ல ரிட் மனு போட அந்த பேப்பர்தான் வேணும்.

எல்லாத்துக்கும் அடி பர்த் சர்டிபிகேட். அப்போ பதிவு பண்ணாம விட்டிருந்தா இப்போ தாமதப் பதிவுக்கு ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) ஆபீஸ்ல மனு குடுக்கலாம், ஆஸ்பத்திரி ரெக்கார்டு, ஸ்கூல் டிசி, கேம்ப் குடும்ப அட்டை எது கிடைச்சாலும் விடாதீங்க. இன்னொன்னு ரொம்ப முக்கியம், அவசரத்துக்கு இலங்கை பாஸ்போர்ட் எடுத்துடாதீங்க, வேற நாட்டு குடியுரிமையை நாமளா விரும்பி எடுத்தா 9-வது பிரிவுல இந்தியக் குடியுரிமை போயிடும்.

தம்பி விஷயம்தான் எனக்கு மனசு கேக்கல. 1.7.1987-ல இருந்து பிறந்தவங்களுக்கு பெத்தவங்கள்ல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும், 3.12.2004-ல இருந்து இன்னும் இறுக்கிட்டாங்க, ரெண்டு பேரும் இந்தியரா இருக்கணும், இல்ல ஒருத்தர் இந்தியர், மத்தவர் சட்டவிரோத குடியேறியா இருக்கக்கூடாது. தம்பிக்கு பிறப்பு வழி இல்ல, பல வருஷம் இங்க இருந்ததை வச்சு 6-வது பிரிவுல விண்ணப்பிக்கலாம், ஆனா அங்கயும் அதே சட்டவிரோத குடியேறிங்கற முட்டுக்கட்டை நிக்குது. 2019 சட்டத் திருத்தம் (சிஏஏ) குடுத்த விலக்கும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூணுக்குத்தான், இலங்கை அதுல இல்ல.

பொண்ணுக்கு நம்பிக்கை இருக்கு. நீங்க இந்தியர்னு நிலைச்சுட்டா, உங்க மனைவி சட்டவிரோத குடியேறியாங்கறது மட்டும்தான் மிச்சம். சட்டத்துல அந்த வார்த்தைக்கு அர்த்தம், சரியான ஆவணம் இல்லாம நாட்டுக்குள்ள 'நுழைஞ்ச', இல்ல கெடு தாண்டி தங்கிட்ட வெளிநாட்டவர். இங்கயே பிறந்த உங்க மனைவி எந்த எல்லையைத் தாண்டி எப்போ நுழைஞ்சாங்க? கோர்ட்ல நான் வச்சா இதைத்தான் முதல் வாதமா வைப்பேன், தம்பிக்கும் இதே வாதம்தான். ஜெயிக்கும்னு உறுதி குடுக்க முடியாது, ஆனா வைக்காம விடக்கூடாது. ஒரே கேம்ப்ல வளர்ந்து ஒரே ஸ்கூல்ல படிச்ச ரெண்டு பேரை ஒரு தேதி பிரிக்குதுன்னா, பிறந்த மண்ணுக்கு கொஞ்சமாவது மதிப்பு குடுக்கற மாதிரி சட்டத்தை திருத்தணும்ங்கறதுதான் என் கருத்து. உங்க வழக்கை முதல்ல முடிங்க, பொண்ணுக்கான மனுவுக்கு அதுதான் அஸ்திவாரம்.