ஆம்புலன்ஸில் சொன்ன விவரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்கிறதா?

கேள்வி: என் மாமனாருக்கு வயது 68. காலை 6 மணிக்கு எழுந்தபோதே வாய் கோணியிருந்தது, வலது கையைத் தூக்க முடியவில்லை. 108-ஐக் கூப்பிட்டோம். வண்டியில் வந்தவர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதே கேள்விகளை மூன்று பேர் மறுபடி கேட்டார்கள். எழுதியதெல்லாம் எங்கே போனது? வருடச் சந்தா கட்டினால் நோயாளியின் விவரத்தை 'லைவ்' ஆக ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் தனியார் ஆம்புலன்ஸ் இருக்கிறது என்கிறார் ஒரு தெரிந்தவர். சேரலாமா?
வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: சந்தா கட்ட வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பேப்பர் போன வழி.

நீங்கள் 108-க்குப் பேசியதும் உங்கள் எண், இடம், என்ன தொந்தரவு என்பவை கட்டுப்பாட்டு அறையில் பதிவாகி, ஒரு கேஸ் எண்ணோடு வண்டிக்குப் போகும். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் தெரியாது. வண்டியில் வரும் இ.எம்.டி., அதாவது மருத்துவ உதவியாளர், நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, சர்க்கரை எல்லாம் பார்த்து ஒரு படிவத்தில் குறிக்கிறார். சந்தேகம் வந்தால் கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்கிறார். அதன்பின் போகிற ஆஸ்பத்திரிக்கு ஒரு போன். மோசமான கேஸ் வருவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது தமிழக அரசின் டி.ஏ.இ.ஐ. எனப்படும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டத்தில் உள்ள விஷயம்தான்.

கோளாறு அந்தப் போனில்தான். கேஷுவால்டியில் யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் எடுப்பார். "பக்கவாதம் ஒண்ணு வருது" என்ற அளவில் அது டாக்டர் காதுக்குப் போகும். ஷிப்ட் மாறும் நேரமாக இருந்தால் அதுவும் போகாது. படிவத்தின் நகலை வாங்கியதற்குக் கையெழுத்துப் போடுவார்கள். அது கேஸ் ஷீட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். டாக்டர் திரும்பக் கேட்பதில் பாதி நியாயம் உண்டு. வண்டியில் தூக்க முடிந்த கை இங்கே வந்தபோது விழுந்திருக்கலாம், அதை அவர் பார்த்தே ஆகவேண்டும். ஆனால் "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" என்று மூன்றாவது ஆள் கேட்பது வெட்கக்கேடு. பேப்பரில் எழுதி, போனில் சொல்லி, வாட்ஸ்அப்பில் அனுப்பி, கடைசியில் எல்லாரும் வாயால்தான் கேட்கிறார்கள்.

மேல்நாடுகளில் இந்த வேலை வயர்லெஸ்ஸில் தொடங்கியது. பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறவர் மட்டும்தான் பேச முடியும். அதே அலைவரிசைக்கு வேறு வண்டிகளும் காத்திருக்கும். அதனால் அரை நிமிடத்தில் முடிகிற மாதிரி ஒரு வரிசையைப் பழக்கினார்கள்: வயது, நேரம், எப்படி நடந்தது, என்ன காயம் அல்லது அறிகுறி, அளவுகள், கொடுத்த சிகிச்சை. கேட்டவர் முக்கியமானதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் இன்றைக்கும் இந்த வரிசை உண்டு, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஏட்மிஸ்ட் என்பார்கள். நம் ஊரில் செல்போன்தான் எல்லாம். பேச வசதி, ஆனால் திருப்பிச் சொல்லும் வழக்கம் இல்லை. மலைப்பாதையில் சிக்னலும் இல்லை.

டேட்டா என்கிறார்களே, அது புதுச் சமாசாரம் அல்ல. 1960களின் கடைசியிலேயே மயாமியில் ஈ.சி.ஜி.யை வயர்லெஸ்ஸில் அனுப்பிப் பார்த்துவிட்டார்கள். நாம் இன்னும் பல இடங்களில் ஈ.சி.ஜி. பேப்பரை மடியில் விரித்து போட்டோ எடுத்து அனுப்புகிறோம். பேப்பர் சாய்ந்திருக்கும், டியூப்லைட் வெளிச்சம் அடிக்கும், பெயரும் நேரமும் வெட்டுப்பட்டுப் போகும். மாரடைப்பை முடிவு செய்வது 1 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டர் ஏற்றத்தை வைத்து. யாராவது அப்படி எடுத்தால், 12 லீடும் (பன்னிரண்டு கோணப் பதிவுகள்), ஓரத்தில் உள்ள '25, 10' என்ற வேக, உயர அளவுக் குறிப்பும், பெயரும், நேரமும் ஒரே படத்தில் விழும்படி நேர்மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் விஷயம். பக்கவாதத்தில் டாக்டருக்கு முதலில் வேண்டியது, நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம். நீங்கள் கண்டுபிடித்த நேரம் அல்ல. காலை 6 மணிக்கு எழுந்தபோதே கோளாறு இருந்ததால், கணக்கு இரவு படுக்கப்போனதிலிருந்து தொடங்கும். நடுவில் 3 மணிக்கு பாத்ரூம் போய் வந்ததை மாமியார் பார்த்திருந்தால், நேரம் 3 மணி. இந்த ஒரு பதிலில் சிகிச்சையே மாறும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான எல்லை நாலரை மணி நேரம்தான். எனவே பார்த்தவர் வண்டியில் ஏறவேண்டும். வெளியூரிலிருந்து வந்த மருமகன் ஏறுவதால் பயன் இல்லை.

அரைப் பக்கத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி நோயாளியின் சட்டைப் பையில் வையுங்கள்: கடைசியாக நன்றாக இருந்த நேரம், அதைப் பார்த்தவரின் பெயர், செல் நம்பர், சாப்பிடும் மாத்திரைகள், முக்கியமாக அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுப்பவை, கடைசியாகப் போட்ட நேரத்தோடு, சமீபத்தில் ஆபரேஷன் உண்டா, உடல் எடை. எடையை ஏன் கேட்கிறார்கள் என்று எரிச்சல்படாதீர்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியின் அளவே எடைக் கணக்கில்தான் வரும், ஆல்டிபிளேஸ் என்ற மருந்தென்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம். வண்டியில் பார்த்த சர்க்கரை அளவையும் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சர்க்கரை மிகக் குறைந்தாலும் பக்கவாதம் மாதிரியே கை கால் விழும்.

வண்டி கிளம்பும்போது இ.எம்.டி.யிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். போகிற ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் இந்த நேரத்தில் ஓடுகிறதா? போன் எடுத்தவர் யார்? "சொல்லியாச்சு" என்பது பதில் அல்ல, பெயர் வேண்டும். இறங்கியதும் வாசல் டெஸ்க்கில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள், தாளைக் கொடுங்கள்.

சந்தாக்காரர்களுக்கு வருவோம். வண்டிக்குள் திரை மினுக்குவது வேறு, அந்த அளவுகள் ஆஸ்பத்திரியில் ஒருவர் கண்ணுக்குப் போவது வேறு. விற்க வருகிறவரிடம் கேளுங்கள்: எந்த ஆஸ்பத்திரியில், எந்த அறையில் இது தெரியும்? ராத்திரி 2 மணிக்கு அங்கே பார்த்துக்கொண்டிருப்பது யார்? பதில் ஒரே ஒரு ஆஸ்பத்திரியின் பெயராக இருந்தால், உங்கள் சந்தா அந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிக்கும் செலவு என்று அர்த்தம். பக்கத்தில் ஸ்கேன் உள்ள அரசு மருத்துவமனையைத் தாண்டி 40 கிலோமீட்டர் அவர்கள் இடத்துக்கே ஓட்டுவார்கள்.

இதைவிட மோசமானவர்கள் கேஷுவால்டி வாசலில் நிற்கும் தரகர்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே வந்து "இங்கே பெட் இல்ல சார், ஐ.சி.யூ. ஃபுல்லு, எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு" என்பார். பெட் இல்லை என்று சொல்லவேண்டியவர் டியூட்டி டாக்டர், கேஸ் ஷீட்டில் எழுதி. வேறு யார் சொன்னாலும் நகராதீர்கள். "ஆம்புலன்ஸ் கோஆர்டினேட்டர் பேசுறேன், பெட் பிளாக் பண்ண அட்வான்ஸ் அனுப்புங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். 108-க்குக் காசே கிடையாது.

மேலே சொன்னது எல்லாம் வீட்டிலிருந்து போகும்போது. ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கதை வேறு. பலரும் ஏமாறுவது இங்கேதான். விவரம் சொல்லும் பொறுப்பு அப்போது வண்டிக்காரருடையது அல்ல, அனுப்பும் டாக்டருடையது. அவர் அங்குள்ள டாக்டரிடம் நேரே பேசி, அந்த டாக்டரின் பெயரையும் பேசிய நேரத்தையும் ரெஃபரல் கடிதத்தில் எழுதவேண்டும். "மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஏறாதீர்கள். என்ன ஊசி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, கடைசி ரத்த அழுத்தம் எவ்வளவு என்று அதில் இருக்கவேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டிருந்தால் அழுத்தம் 180/105-க்குள் இருக்கவேண்டும். முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும், வண்டி ஓடிக்கொண்டிருந்தாலும். உடன் வருகிறவருக்கு அது தெரியுமா என்று கேளுங்கள். ஆல்டிபிளேஸ் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே மாற்றுகிறார்கள் என்றால், அது ஒரு மணி நேரம் ஏறுகிற மருந்து. எத்தனை மணிக்குத் தொடங்கியது, இன்னும் எவ்வளவு பாக்கி என்று எழுதி வாங்குங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது. ஃபிலிம் அல்லது படம் பதிந்த டிஸ்க் கையில் இல்லாவிட்டால் அங்கே மறுபடி படம் எடுப்பார்கள். காசும் போகும், நேரமும் போகும். எல்லாத் தாளையும் உங்கள் போனிலும் படம் எடுத்து வையுங்கள், ஒரிஜினலை வாங்கியவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.