ஆஸ்டினில் கணக்கியல் முதுகலை: கேட்டவர்களுக்குப் பதில்

ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மெக்கோம்ப்ஸ் வணிகப் பள்ளியில் படித்துவிட்டு, இப்போது டாலஸில் ஆடிட்டராக இருக்கிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

அக்கா, நீங்கள் படித்தது எம்.பி.ஏ.வா? (கோவை)

ஆமாம், ஆனால் நீ நினைக்கிற எம்.பி.ஏ. (MBA) இல்லை. ‘மாஸ்டர் இன் புரொஃபஷனல் அக்கவுண்டிங்’ (MPA). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என்ன செய்வது! என் அம்மா சொந்தக்காரர்களிடம் இன்றும் “பொண்ணு எம்.பி.ஏ.” என்றுதான் சொல்கிறார். திருத்துவதை விட்டுவிட்டேன்.

யூ.எஸ். நியூஸ் தரவரிசையில் பல வருடம் முதலிடமாமே. அப்படி என்ன இருக்கிறது? (திருச்சி)

அந்தத் தரவரிசை மற்ற வணிகப் பள்ளிகளின் டீன்களிடம் கருத்துக் கேட்டுப் போடுவது. நல்ல பெயர் என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். பாடத்திட்டமும் வேறு நல்ல பல்கலைக்கழகங்களில் இருப்பதுதான். என் கணக்கில் உண்மையான பலம் காலண்டரில் இருக்கிறது. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றுக்கு டிசம்பர் 31-ல் கணக்கு முடியும். பெரிய நிறுவனங்கள் 60 நாளுக்குள் ஆண்டறிக்கை கொடுத்தாக வேண்டும். அதனால் ஆடிட்டர்களுக்கு ஜனவரி, பிப்ரவரி இரண்டும் தீபாவளிக்கு முந்தைய தி.நகர் மாதிரி. அந்த நெரிசலில்தான் இங்கே இன்டர்ன்ஷிப். வகுப்புகள் அதற்குத் தகுந்தபடி ஒதுங்கிக் கொள்கின்றன.

கோடையில் போனால் காபி குடித்துவிட்டு பயிற்சி வீடியோ பார்க்கலாம். ஜனவரியில் போனால் வேலை. என் முதல் வாரத்தில் வங்கி அனுப்பிய இருப்புச் சான்றும் கம்பெனியின் பேரேடும் ஒத்துப்போகவில்லை. மோசடியைப் பிடித்துவிட்டேன் என்று நெஞ்சு படபடத்தது. சீனியர் வந்து பார்த்து, “தபாலில் இருக்கிற செக்கைக் கழித்தாயா?” என்று கேட்டார். கழிக்கவில்லை. வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் எனக்குப் புரிந்தது அன்றுதான், ஊரில் பி.காமில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

வாலண்டியராக வரி தாக்கல் செய்து கொடுப்பார்களாமே? (யாழ்ப்பாணம்)

வீட்டா என்று ஒரு திட்டம். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. அதற்கு முன் தேர்வு எழுதித் தேற வேண்டும். டெக்சஸில் தனிநபருக்கு மாநில வருமான வரி கிடையாது, எனவே மத்திய அரசின் படிவம் மட்டும்தான்.

எனக்கு வந்தவர்களில் ஒரு டிரைவர் ஷூ டப்பா நிறைய பெட்ரோல் ரசீது கொண்டுவந்தார். மைல் கணக்கில் வரிக் கழிவு கேட்டால் பெட்ரோல் ரசீதைத் தனியாகக் கழிக்க முடியாது, எத்தனை மைல் ஓட்டினார் என்பதுதான் வேண்டும். அதை அவர் மனைவி சமையலறைக் காலண்டரில் நாள்தோறும் குறித்து வைத்திருந்தார். அந்தக் காலண்டரின் போட்டோதான் காப்பாற்றியது. வரிச் சட்டத்தின் பிரிவு எண்களை மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் தெரியவில்லை.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். சேரலாமா? (சேலம்)

சேரலாம் தம்பி. கணக்கியல் படிக்காதவர்களையும் எடுக்கிறார்கள், அடிப்படையிலிருந்து தொடங்குவார்கள். முதல் மாதம் டெபிட், கிரெடிட் கனவில் வரும்.

நெறிமுறைக்கு என்று தனிப் பாடமாம். சும்மா ஒப்புக்குத்தானே? (மதுரை)

டெக்சஸில் சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர், நம் ஊர் சி.ஏ. மாதிரி) ஆக, மாநில வாரியம் அங்கீகரித்த 3 கிரெடிட் (பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு) நெறிமுறைப் பாடம் கட்டாயம். ஒப்புக்கு என்றுதான் நானும் போய் உட்கார்ந்தேன். கணக்கு மோசடியில் சிக்கிய எரிசக்தி நிறுவனம் என்ரான் மூழ்கியது இதே மாநிலத்தில், ஹூஸ்டனில். 2001 ஆகஸ்டில் கம்பெனித் தலைவர் கென்னத் லே என்பவருக்கு “கணக்கு சரியில்லை” என்று எழுதி எச்சரித்த ஷெரன் வாட்கின்ஸ் எங்கள் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் முதுகலை படித்தவர். டிசம்பரில் கம்பெனி திவால். நம் சீனியர் என்று தெரிந்த பிறகு அந்தக் கடிதத்தை வேறு மாதிரிப் படித்தேன்.

150 கிரெடிட் விதி தளர்ந்துவிட்டதே, முதுகலை தேவையா? (சென்னை)

நல்ல கேள்வி. சிபிஏ உரிமத்துக்குக் கல்லூரியில் 150 கிரெடிட் முடித்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த விதி. 2025-ல் டெக்சஸ் சட்டத்தைத் திருத்தி, இளங்கலையோடு இரண்டு வருட அனுபவம் என்ற வழியையும் திறந்தது. ஆகவே 150-ஐ எட்டுவதற்காக மட்டும் கடன் வாங்கிப் படிக்க வேண்டியதில்லை. சிபிஏ தேர்வு மட்டும் போதும் என்றால் விமானமே ஏற வேண்டாம். 2020-லிருந்து இந்தியாவிலேயே எழுதலாம், சென்னையிலும் மையம் இருக்கிறது. மூன்று பொதுத் தாள், விருப்பத் தாள் ஒன்று. உரிமம் எடுப்பதற்கான கல்வித் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அதை முதலில் பாருங்கள்.

அமெரிக்காவில் வேலை வேண்டும், வளாகத்துக்கே ஆள் எடுக்க வருகிற நிறுவனங்கள் முன் நிற்க வேண்டும் என்றால் மட்டும் இந்தப் படிப்புக்கு அர்த்தம்.

அப்புறம் விசா? (திருநெல்வேலி)

படித்து முடித்ததும் ஓபிடி, அதாவது மாணவர் விசாவிலேயே படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் கூடுதலாக 24 மாதம். பிறகு எச்1பி என்ற வேலை விசாவுக்கான குலுக்கல். ஸ்டெம் உண்டா என்பதை ஏஜெண்டிடம் கேட்காதீர்கள். பல்கலைக்கழக அலுவலகத்துக்கு மெயில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு வங்கிக்குப் போங்கள்.