நட்டது தெரியாமல் நடுவது எப்படி? ஹேர் டிரான்ஸ்பிளான்ட் பற்றி சேலத்துக்காரர்களின் கேள்விகள்

ஐந்து ரோட்டிலிருந்து: அண்ணா, சிலரைப் பார்த்த உடனே "தலையில நட்டிருக்கார்"னு தெரிஞ்சுடுது. சிலர் சொன்னாலும் நம்ப முடியல. கிராஃப்ட் எண்ணிக்கைதான் வித்தியாசமா?

எண்ணிக்கை அடர்த்திக்குத்தான். காட்டிக்கொடுப்பது நெற்றியை ஒட்டிய முதல் 1 செ.மீ.

தலைமுடி தனித்தனியாக முளைப்பதில்லை. ஒரு துவாரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, அபூர்வமாக நான்கு என்று கொத்தாக வரும். அந்தக் கொத்துதான் கிராஃப்ட்; பின்மண்டையிலிருந்து எடுத்து வழுக்கை விழுந்த இடத்தில் நடுவது இதைத்தான். முடி கொட்டாத ஒருவரை வெளிச்சத்தில் நிறுத்தி, முன்முடியைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். நெற்றியோரத்தில் இருப்பதெல்லாம் ஒற்றை முடி, அதுவும் மெல்லியது. அதற்கும் முன்னால் பூனைமுடி. அரை செ.மீ.க்கு மேல் போன பிறகுதான் இரட்டை, அதன் பின்னால் மும்முடிக் கொத்துகள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது காடு ஒரே இடத்தில் சுவர் எழுப்பினாற்போலத் தொடங்குவதில்லை அல்லவா? முதலில் அங்கொன்று இங்கொன்றாகப் புதர், பிறகு மரம், பிறகுதான் அடர்ந்த நிழல். நெற்றியிலும் அப்படித்தான்.

இந்தப் படிநிலை இல்லாமல் முன்வரிசையிலேயே மும்முடிக் கொத்தை வைத்தால் பொம்மைத் தலை. அந்தக் காலத்தில் 4 மி.மீ. 'பஞ்ச்' என்ற குழல் கத்தியால் வட்டமாக வெட்டி நட்டார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் பத்து இருபது முடி துடைப்பக்கட்டை போல நிற்கும். இப்போது கொத்துகளை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கும் எஃப்.யூ.இ. முறையில் பஞ்ச் 0.8 முதல் 1 மி.மீ.தான். ஆனாலும் கொத்துகளைப் பிரித்து அடுக்கத் தெரியாதவர் கையில் பழைய கதைதான்.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பலருக்குக் கோரைமுடி: தடிமன், நல்ல கறுப்பு. நிறம் வெளுத்த தலைத்தோலில் அது ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரியும். மாநிறத் தோலில் கொஞ்சம் மறையும். அதனால் முன்வரிசைக்குப் பின்மண்டை நடுவில் எடுத்த தடித்த முடியை வைக்காமல், காதுக்கு மேல் பக்கவாட்டில் கிடைக்கும் மெல்லிய ஒற்றைகளைத் தேடி எடுப்பார்கள். பிடரியின் கீழ்ப்பகுதியில் இன்னும் மெல்லிசாகக் கிடைக்கும். ஆனால் அந்த இடமே பிற்காலத்தில் கொட்டக்கூடியது என்பதால் அளவோடுதான்.

இன்னொன்று: வரிசை நடவு நெல்லுக்குத்தான் நல்லது. தலையில் கயிறு பிடித்தாற்போல நேர்க்கோட்டில் நட்டால் பத்தடி தூரத்திலேயே தெரியும். கோடு உள்ளே வெளியே சின்னச் சின்னதாக வளைய வேண்டும். கோட்டுக்கு வெளியே சில முடிகள் தப்பி விழுந்தாற்போல இருக்க வேண்டும். இடது வலது இம்மி பிசகாமல் ஒத்திருக்கவும் கூடாது.

அம்மாப்பேட்டை, வயது 23: பத்தாவது படிக்கும்போது இருந்த மாதிரியே ஹேர்லைன் வேணும். போட்டோ வச்சிருக்கேன்.

அந்த போட்டோவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், தம்பி.

புருவத்தை உயர்த்தினால் நெற்றியில் சுருக்கம் விழும். சிறுவயதில் முடி மேல்சுருக்கத்தை ஒட்டி இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அதிலிருந்து 1 முதல் 1.5 செ.மீ. மேலே ஏறுவது இயல்பு. அது வழுக்கை அல்ல. புருவ மத்தியிலிருந்து கோட்டின் நடுப்புள்ளி 7 முதல் 9 செ.மீ. உயரத்தில் இருந்தால் முகத்துக்குப் பொருந்தும். ஓரங்களில் கொஞ்சம் ஏறுநெற்றி இருக்கத்தான் வேண்டும். கடைக்கண்ணிலிருந்து நேர்மேலே ஒரு கோடு இழுத்தால் அது தொடும் இடத்தில்தான் அந்த ஏற்றத்தின் மூலை வரும். மூலையை மூடி வட்டமாக்கினால் பெண் முகத்தின் கோடாகிவிடும்.

கணக்கும் பாருங்கள். நெற்றியின் அகலம் சுமார் 15 செ.மீ. கோட்டை 1 செ.மீ. இறக்கினால் 15 சதுர செ.மீ. கூடுகிறது, சதுர செ.மீ.க்கு 40 வீதம் 600 கிராஃப்ட். அந்த 600-ஐ 38 வயதில் பின்னால் காலியாகும்போது கேட்டால் கிடைக்காது. நட்ட முன்வரிசை நிற்கும், அதன் பின்னால் இருந்த சொந்த முடி போயிருக்கும். நெற்றியில் தனித்தீவு போல ஒரு பட்டை.

23 வயதில் உங்கள் வழுக்கை எந்த வடிவத்துக்குப் போகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வழுக்கை எவ்வளவு என்று சொல்லும் நார்வுட் அளவுகோல் ஒன்று முதல் ஏழு வரை இருக்கிறது. நீங்கள் இரண்டில் இருக்கலாம், அப்பாவும் தாய்மாமாவும் ஆறில் இருக்கலாம். தோல் மருத்துவரிடம் போய் ஒரு வருடம் மருந்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒரே வெளிச்சத்தில் போட்டோ. அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

கொண்டலாம்பட்டி: ஒரு இடத்துல 2,500 கிராஃப்ட் போதும்கறாங்க. இன்னொரு இடத்துல 5,000, அதுவும் கம்மி ரேட்டு. எதை நம்பறது?

முதலில் கேட்க வேண்டியது, 5,000 என்பது கிராஃப்டா முடியா என்று. ஒரு கிராஃப்டில் சராசரியாக இரண்டு முடி. 2,500 கிராஃப்டே 5,000 முடிதான். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் சொல்கிறார்களோ என்னவோ.

உண்மையிலேயே 5,000 கிராஃப்டை ஒரே தடவையில் எடுப்போம் என்றால் தயங்குங்கள். சராசரி ஆணுக்கு ஆயுசுக்கும் எடுக்கக்கூடியதே சுமார் 5,000, 6,000. பின்மண்டையைச் சுரண்டினால் அங்கே பூச்சி அரித்த துணி மாதிரி திட்டுத்திட்டாகத் தெரியும். முன்னால் எவ்வளவு அழகாக இருந்தாலும், சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் குட்டு வெளிப்படும்.

பழைய அடர்த்தி முழுவதும் தேவையும் இல்லை. பாதி முடி போகும்வரை கண்ணுக்கு மெலிவு தெரியாது. அதனால் முன்பகுதியில் சதுர செ.மீ.க்கு 35 முதல் 45, நடுவில் 30 சொச்சம் என்று நட்டாலே நிறைந்து தெரியும். முன் மூன்றிலொரு பங்கு 50 முதல் 60 சதுர செ.மீ. என்றால் 2,000 முதல் 2,400 கிராஃப்ட். முடிந்ததும் ஒற்றை எத்தனை, இரட்டை எத்தனை, மும்முடி எத்தனை என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவர் எண்ணவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபேர்லேண்ட்ஸ்: ஒன்றரை வருஷம் முன்னாடி நட்டேன். முடி நல்லா வளர்ந்திருக்கு, ஆனா நேரா நிக்குது. சீவினா படியவே மாட்டேங்குது.

கோணம் தவறிப்போயிருக்கிறது. அடர்த்தி, கோடு எல்லாம் சரியாக அமைந்தும் இந்த ஒன்றில் கெட்டுப்போகும் வேலை நிறைய.

நெற்றியோரத்தில் முடி தோலிலிருந்து 15, 20 டிகிரி சாய்ந்து முன்னோக்கித்தான் வரும். உச்சிக்குப் போகப் போக 30, 45 என்று நிமிரும். கிருதாவுக்கு மேல் நெற்றிப்பொட்டில் கிட்டத்தட்டத் தோலோடு தோலாகப் படுத்துக் கீழ்நோக்கி, பின்னோக்கிப் போகும். உச்சிச் சுழியில் ஒவ்வொரு முடியும் வட்டத்தின் திசையில் திரும்பும். மிச்சமிருக்கும் பழைய முடியே இதற்கு வழிகாட்டி. பூனைமுடி நான்கு இருந்தாலும் அதன் போக்கைப் பார்த்துத்தான் கிராஃப்டைச் செருகும் கீறலைப் போட வேண்டும்.

முடியின் திசை தீர்மானமாவது கீறலில், நடுவதில் அல்ல. 45 டிகிரியில் கீறிவிட்டால் பிறகு எப்படிச் செருகினாலும் நிமிர்ந்துதான் வரும். கீறலின் அகலமும் கொத்துக்கு ஏற்றபடி மாற வேண்டும்: ஒற்றைக்கு 0.7 மி.மீ. அளவு, மும்முடிக்கு 0.9, 1 மி.மீ. கீறல் பெரிதானால் நெருக்கி நட முடியாது; சிறிதானால் கிராஃப்ட் நசுங்கும், வெளியே துள்ளும். ஆழமும் முக்கியம். கிராஃப்ட் கீழே இறங்கிவிட்டால் ஒவ்வொரு முடியைச் சுற்றியும் சின்னக் குழி. அதிகம் மேலே நின்றால் கூழாங்கல் பரப்பினாற்போல மேடு. கிராஃப்டின் தலை தோல் மட்டத்தில், அல்லது மயிரிழை உயரத்தில் நிற்க வேண்டும். சுருட்டை முடிக்காரர்களுக்குச் சுருளின் வளைவு தோலை நோக்கி இருக்கும்படி திருப்பி வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் முடி வானத்தைப் பார்க்கும்.

உங்களுக்கு வழி உண்டு. முன்வரிசையில் மோசமாக நிற்பவற்றைச் சிறிய பஞ்ச் கத்தியால் எடுத்துப் பின்னால் நட்டுக்கொள்ளலாம், முடி வீணாகாது. தழும்பு ஆறிய பிறகு அவற்றுக்கு முன்னால் மெல்லிய ஒற்றைகளைச் சரியான சாய்வில் வைப்பார்கள். பெரும்பாலும் இரண்டு அமர்வு ஆகும். லேசர் வைத்துப் பொசுக்கச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்; அந்த வேரைத் திரும்பப் பெற முடியாது.

ஓமலூர்: முன்னாடியும் உச்சியும் ரெண்டும் காலி. ஒரே தடவையில முடிச்சுடலாமா?

முன்பக்கம் முதலில். எதிரில் நிற்பவர் பார்ப்பது அதைத்தான். உச்சி எவ்வளவு போட்டாலும் விழுங்கும். சுழியில் முடி எல்லாத் திசையும் பிரிவதால் ஒன்று இன்னொன்றை மறைக்காது. பின்மண்டை முடியை எங்கே நட்டாலும் அது தன் பழைய குணத்தோடு இருக்கும் என்று 1959-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் எழுதினார். அதன் மறுபக்கம்: நட்ட உச்சி நிற்கும், சுற்றியிருக்கும் சொந்த முடி விலகிக்கொண்டே போகும்.

சூரமங்கலம்: தை மாசம் கல்யாணம். இப்ப ஐப்பசி. இப்ப நட்டா கரெக்டா இருக்குமா?

இதைவிடத் தவறான நேரம் கிடைக்காது. நட்ட முடி 2 முதல் 6 வாரத்தில் பெரும்பாலும் கொட்டிவிடும். வேர் மட்டும் உள்ளே தூங்கும். பக்கத்திலிருக்கும் சொந்த முடியும் அதிர்ச்சியில் கொஞ்சம் உதிரலாம். மூன்றாம் நான்காம் மாதம்தான் மெல்லிசாக முளைக்கத் தொடங்கும். ஆறாம் மாதம் பாதி தெரியும், முன்பக்கம் முழுதாக ஒரு வருடம், உச்சிக்கு ஒன்றரை. தை முகூர்த்தத்தில் இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் போட்டோவில் விழுவீர்கள். ஒட்ட வெட்டிக்கொண்டு, தேவையானால் முடிபோலத் தெரியும் ஹேர் ஃபைபர் தூளைத் தூவிக் கல்யாணத்தை முடியுங்கள்.

ஏற்காடு: எஸ்டேட் வேலை. தினமும் பைக்ல 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கணும். எத்தனை நாள் லீவு வேணும்?

பத்து நாள். அதுவரை ஹெல்மெட் கிராஃப்டை உரசிப் பிடுங்கும், ஹெல்மெட் இல்லாமல் மலையில் ஓட்டவும் கூடாது. ஆக, பஸ்தான், அதிலும் ஜன்னல் கம்பியில் தலையை இடிக்காத இருக்கை. முதல் ஐந்து இரவு இரண்டு தலையணை வைத்து 45 டிகிரி சாய்ந்து தூங்குங்கள். இரண்டாம் நாளிலிருந்து நெற்றி வீங்கிக் கண் இமைக்கு இறங்கலாம். நான்கைந்து நாளில் வற்றும், பயப்பட வேண்டாம். சலைன் (உப்புநீர்) ஸ்பிரேயை முதல் மூன்று நாள் விழித்திருக்கும் நேரம் மணிக்கொரு தடவை அடிக்க வேண்டும். அலசச் சொன்ன நாளில் குவளையால் மெதுவாக ஊற்றுங்கள், ஷவர் வேண்டாம். சேலத்தில் தங்குவதென்றால் உப்புப் போர் தண்ணீரை விட்டுவிட்டு கேன் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். பொருக்கு பத்து நாளுக்குள் தானே ஊறி விழ வேண்டும். நகத்தால் கிள்ளினால் கிராஃப்டும் கூட வரும். சிகரெட் இருந்தால் முன்னும் பின்னும் இரண்டு வாரம் நிறுத்துங்கள்.

குகை: பையனுக்கு நட்டு நாலு மாசம் ஆகுது. குலதெய்வத்துக்கு மொட்டை வேண்டுதல் இருக்கு. அடிச்சா முடி திரும்ப வருமாங்க?

வரும் அம்மா. வேர் தோலுக்கடியில் இருக்கிறது, கத்தி மேலோடு போகிறது. ஆனால் ஆறு மாதமாவது பொறுங்கள். இப்போதுதான் முளைக்கும் பருவம், தோலில் சின்னப் பரு கிளம்பியிருந்தால் கத்தி கிழித்துவிடும். மொட்டை அடித்தால் எடுத்த இடம் தெரியும் என்பதையும் மனதில் வையுங்கள். எஃப்.யூ.இ. என்றால் பின்னால் வெள்ளைப் புள்ளிகள், தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் எஃப்.யூ.டி. என்றால் காதுக்குக் காது ஒரு கோடு. எண்ணெய் தேய்ப்பதும் சீயக்காயும் ஒரு மாதம் கழிந்த பிறகு சரிதான், நகம் படாமல்.

ஆத்தூர்: சின்ன வயசுல இருந்து இறுக்கிப் பின்னி, முன்னாடி ரெண்டு ஓரமும் ஏறிடுச்சு. பெண்களுக்கும் நடுவாங்களா?

நடுவார்கள், சகோதரி. இழுத்துக் கட்டியதால் போன இடத்துக்கு நல்ல பலன் கிடைக்கும், பின்னலைத் தளர்த்திக் குறைந்தது ஒரு வருடம் ஆகியிருந்தால். வகிடு அகன்று தலை முழுதும் மெலிந்திருந்தால் கதை வேறு. அப்போது பின்மண்டையும் மெலிந்திருக்கும். முதலில் ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச்சத்து சேமிப்பு) தைராய்டும் பார்க்க வேண்டும். பெண்களின் கோடு தாழ்வானது, வட்டமானது. புருவ மத்தியிலிருந்து சுமார் 5.5 முதல் 6.5 செ.மீ. ஆண்களுக்கு நட்டுப் பழகிய கை ஓரத்தில் ஏறுநெற்றி விட்டுவிடும் என்பதால், பெண்களுக்குச் செய்த படங்களைக் கேட்டுப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: டாக்டர் வந்து கோடு மட்டும் போட்டுட்டுப் போயிடுவார், மத்ததெல்லாம் டெக்னீஷியன்னு சொல்றாங்க. பரவாயில்லையா?

கிராஃப்டைத் தரம் பிரிப்பதில் உதவியாளர்கள் கைதேர்ந்தவர்கள்தான். மயக்க ஊசி, எடுப்பது, கீறுவது மருத்துவர் கையில் இருக்க வேண்டும். இது டாக்டர்கள் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சை, யூடியூபிலோ பயிலரங்கிலோ பார்த்துவிட்டுச் செய்வதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் தெளிவாகச் சொன்னது. தலையை மரத்துப்போகச் செய்ய ஊசியில் போடும் லிக்னோகெயினுக்கு உச்ச அளவு உண்டு. அட்ரினலின் கலந்தது கிலோவுக்கு 7 மி.கி.; 70 கிலோ ஆளுக்கு 2 சதவீத மருந்தில் சுமார் 24 மில்லி. அதைத் தாண்டினால் வலிப்பு, இதயத்துடிப்புத் தடுமாற்றம். அந்த நேரத்தில் அறையில் டாக்டர் இருப்பாரா, ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

ஹஸ்தம்பட்டி: நட்ட பிறகு மாத்திரை, லோஷன் எல்லாம் நிறுத்திடலாம்ல?

நட்ட முடிக்கு மருந்து வேண்டாம். நடாத முடிக்கு வேண்டும். அது நிற்காவிட்டால் இரண்டுக்கும் நடுவே வெற்றிடம் விழுந்து, நட்ட பகுதி தனியாகத் தெரியத் தொடங்கும். 5 சதவீத மினாக்சிடில் லோஷனை இடம் ஆறிய பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் தொடரலாம். ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை மருத்துவர் சீட்டோடுதான். சிலருக்குத் தாம்பத்திய ஆர்வம் குறையும், மனச்சோர்வு வரும். வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணி தொடக்கூடாது. 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் புராஸ்டேட்டுக்காக பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுத்தால், இந்த மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.