மார்ஷலின் திடீர்த் தாக்குதல்: காபபிளாங்கா – மார்ஷல், நியூயார்க் 1918

கேள்வி: காபபிளாங்கா வெள்ளையிலும் மார்ஷல் கறுப்பிலும் ஆடிய சதுரங்க ஆட்டம் இது. மார்ஷல் தோற்ற இந்த ஆட்டத்தின் ஓப்பனிங்கை (தொடக்க நகர்த்தல்களை) ஏன் இன்றும் படிக்கிறார்கள்?

பதில்: தோற்றது ஆட்டம்தான், யோசனை தோற்கவில்லை. ஸ்பானிஷ் ஓப்பனிங்கில் எட்டாவது நகர்த்தலில் மார்ஷல் டி5 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளி, இ5 சிப்பாயை விட்டுக்கொடுத்தார். வெள்ளையின் ராணிப் பக்கக் காய்கள் அப்போது வெளியே வந்திருக்காது. அவை வருவதற்குள் ராஜாவைத் தாக்க வேண்டும், அவ்வளவுதான். 11வது நகர்த்தலில் அவர் குதிரையை எஃப்6க்குக் கொண்டுபோனார். இன்று அந்த இடத்தில் சி6 ஆடுகிறார்கள். 1965இல் முன்னாள் உலகச் சாம்பியன் தாலை எதிர்த்து ஸ்பாஸ்கி நம்பி ஆடியதும் இந்தத் தாக்குதலைத்தான்.

கேள்வி: காபபிளாங்காவுக்காகவே இதைப் பல வருடம் ஒளித்து வைத்திருந்தாராமே?

பதில்: கதை நன்றாக இருக்கிறது, நான் நம்புவதில்லை. 1909 போட்டியில் காபபிளாங்காவிடம் 8-1 என்று தோற்ற மார்ஷலுக்குப் பழி தீர்க்கும் ஆசை இருந்திருக்கலாம். ஆனால் இதே டி5 1893இலேயே ஹவானாவில் ஆடப்பட்டிருக்கிறது.

கேள்வி: 15வது நகர்த்தலில் மார்ஷலின் குதிரை எஃப்2 சிப்பாயை வெட்டியதும் காபபிளாங்கா ராணியால் குதிரையை எடுத்திருக்கலாமே? அவர் ஏன் யானையை இ2க்கு நகர்த்தினார்?

பதில்: இந்த ஆட்டத்தில் நின்று பார்க்க வேண்டிய இடமே இதுதான். ராணி எடுத்தால், கறுப்பு உடனே மந்திரியை ஜி3க்குக் கொண்டுவந்து ராணியை விரட்டத் துடிக்கும். அது தப்பு! ராணி எஃப்7இல் செக் வைக்கும், கறுப்பு யானை அதை வெட்டும், வெள்ளை யானை இ8இல் இறங்கினால் செக்மேட். பி3இல் உள்ள மந்திரி எஃப்7 யானையைக் கட்டிப்போட்டிருப்பதால் அது எஃப்8க்குத் திரும்ப முடியாது. அதனால் கறுப்பு முதலில் எச்2இல் மந்திரியால் செக் வைத்து, ராஜா எஃப்1க்குப் போன பிறகுதான் ஜி3க்கு வர வேண்டும். அப்போது கறுப்புக்கே வெற்றி. தனக்குப் புதிய தாக்குதலைப் பலகையில் உட்கார்ந்த இடத்திலேயே காபபிளாங்கா இவ்வளவு தெளிவாகப் பார்த்தார் என்பதே எனக்கு வியப்பு.

கேள்வி: எப்படிப் படிப்பது? எஞ்சின் (சதுரங்கம் ஆடும் கணினி நிரல்) வைத்துப் பார்த்தால் போதுமா?

பதில்: எஞ்சினை அப்புறம் திறங்கள். முதலில் 14வது நகர்த்தலில் இருந்து வெள்ளையின் பதிலை மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நீங்களே எழுதிப் பாருங்கள். 20க்குப் பிறகு கொஞ்சம் வேகமாகப் போகலாம், 36இல் ஆட்டம் முடிகிறது.

கேள்வி: எதிராளி இதை ஆடுவார் என்று தெரிந்தால்?

பதில்: நீங்கள் வெள்ளை என்றால், எட்டாவது நகர்த்தலில் சி3 ஆடாதீர்கள். ஏ4 அல்லது எச்3 ஆடுங்கள், தாக்குதலுக்கு இடமே கிடைக்காது.