கறுவாவும் ஸ்பானிஷும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

களுவாஞ்சிகுடியில் வீட்டிலிருந்தபடி ஒரு கொழும்புக் கம்பனிக்கு ஏற்றுமதி ஆவண வேலை செய்கிறேன். கறுவாதான் முக்கிய சரக்கு. வாங்குபவர்களில் பாதிப்பேர் மெக்சிக்கோக்காரர். நான் இங்கிலிஷில் எழுதினால் பதில் ஸ்பானிஷில் வருகிறது, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுச் சமாளிக்கிறேன். ‘90 நாளில் பிஸ்னஸ் ஸ்பானிஷ்’ என்று ஒரு ஒன்லைன் டிப்ளோமா விளம்பரம் பார்த்தேன், கட்டணம் என் இரண்டு மாதச் சம்பளம். செயலி இருக்கும்போது எதற்குப் படிப்பு என்கிறார் அண்ணா. நீங்கள் இந்தத் தொழிலில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன். படிக்கலாமா? படித்தால் ஸ்பெயின் ஸ்பானிஷா, மெக்சிக்கோ ஸ்பானிஷா? இந்த வேலை போனாலும் அது கைகொடுக்குமா?

எஸ்., களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கச்சி,

படியுங்கள். ஆனால் அந்த டிப்ளோமாவுக்குக் காசு கட்டாதீர்கள்.

90 நாள் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ராஜதந்திரிகளுக்கு ஸ்பானிஷ் படிப்பிக்க கிட்டத்தட்ட 700 வகுப்பு மணித்தியாலம் ஒதுக்குகிறது, அதுவும் இங்கிலிஷ் தாய்மொழிக்காரருக்கு, வேறு வேலை எதுவும் கொடுக்காமல், சம்பளமும் கொடுத்து. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒதுக்கப்போகிற உங்களுக்கு அது இரண்டு வருடக் கணக்கு. பயப்பட வேண்டாம், ராஜதந்திரி பேசுகிற ஸ்பானிஷ் உங்களுக்குத் தேவையும் இல்லை.

அண்ணா சொல்வதில் பாதி சரி. கடிதத்தைச் செயலி எழுதிவிடும். இன்வொய்ஸ், பக்கிங் லிஸ்ட், தாவர சுகாதாரச் சான்றிதழ் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருகிற வசனங்கள் ஒரு கைப்பிடிதான், அதற்காக யாரும் மொழி படிக்கத் தேவையில்லை. ஆனால் மெக்சிக்கோக்காரர் வியாபாரம் கதைப்பது கடிதத்தில் இல்லையே, வட்ஸ்அப் வொய்ஸில்தானே. குவாதலஹாராவில் இருந்து எனக்கு வொய்ஸ் அனுப்புகிற ஒருவர் இருந்தார், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் ஓடும். முக்கால்வாசி நேரம் சுகம் விசாரிப்பு, அம்மா எப்படி, அங்கே மழையா, பின்னால் யாரோ லொறியை ரிவேர்ஸ் எடுக்கிற சத்தம் வேறு. கடைசியில், வைக்கிற அவசரத்தில், ‘செதெந்தா பக்காஸ்’ என்பார். எழுபது கட்டு. அது செசெந்தா என்று காதில் விழுந்தால் அறுபது. நடுவில் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், கட்டு 45 கிலோ என்று பிடித்தால் 450 கிலோ கறுவா! நான் உடனே ‘70?’ என்று இலக்கத்தில் எழுதி அனுப்பிவிடுவேன், அவரும் பெருவிரலைக் காட்டுவார். அப்படிக் கேட்கத் தோன்றுவதற்கே அந்த இரண்டு சொல்லும் காதில் பழகியிருக்க வேண்டும். ஆகவே முதல் மாதம் இலக்கணப் புத்தகத்தைத் தொடாதீர்கள், எண்களை மட்டும் கேளுங்கள், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எழுத்தில் வருகிற எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. மெக்சிக்கோவில் தசமத்துக்கு நம்மைப் போலப் புள்ளிதான். ஸ்பெயினிலும் கொலம்பியாவிலும் சிலியிலும் கமா போடுவார்கள், புள்ளி ஆயிரத்தைப் பிரிக்க. 1.250 என்று கொலம்பியாவில் இருந்து வந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பது, மெக்சிக்கோவில் இருந்து வந்தால் ஒன்றேகால்.

அடுத்தது மரியாதை. ஸ்பானிஷில் ‘நீ’க்குத் தூ, ‘நீங்கள்’க்கு உஸ்தெத், வினையும் அதற்கேற்ப மாறும். நீங்கள் இங்கிலிஷில் எழுதிச் செயலியில் போடும்போது அங்கே எல்லாருக்கும் ஒரே ‘யூ’, எனவே அது ஊகிக்கிறது, சிலவேளை முதல் பந்தியில் நீங்கள் என்றும் மூன்றாம் பந்தியில் நீ என்றும் போட்டுவிடும். மட்டக்களப்பில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? வாங்குகிறவர் தானாகத் தூ என்று கூப்பிடும்வரை உஸ்தெத்திலேயே நில்லுங்கள். பட்டத்தையும் விடக்கூடாது. மெக்சிக்கோவில் பட்டதாரியை லிசென்சியாதோ என்றும் பொறியியலாளரை இன்ஹெனியெரோ என்றும் கூப்பிடுவது சாதாரணம், மின்னஞ்சலின் அடியில் பெயருக்கு முன்னால் லிக்., இங். என்று சுருக்கமாகப் போட்டிருப்பார்கள், பாருங்கள். பெயரில் இரண்டு குடும்பப் பெயர் இருக்கும். ஹுவான் கார்சியா லோபெஸ் என்றால் அவர் சென்யோர் கார்சியா. லோபெஸ் அம்மா பக்கத்துப் பெயர். கடைசிப் பெயர்தானே என்று லோபெஸ் என்று எழுதுகிறவர்கள் கொழும்பில் இன்னும் இருக்கிறார்கள்.

தமிழ் தெரிந்தவருக்கு இந்த மொழி இங்கிலிஷ்காரருக்கு இருக்கிற அளவு கஷ்டம் இல்லை என்பது என் அபிப்பிராயம். வினையின் வாலைப் பார்த்தே யார் என்று தெரிந்துவிடும், நான், நீ என்று ஒவ்வொரு தடவையும் சொல்லத் தேவையில்லை. ‘எனக்குப் பிடிக்கும்’ என்ற அதே அமைப்பு அங்கேயும் உண்டு, மே குஸ்தா. இங்கிலிஷ்காரர் மாதக்கணக்கில் முட்டி மோதுகிற இடம் அது. த, ப, க எல்லாம் காற்றில்லாமல் நம் வாயில் வருகிறபடியே வரும். கஷ்டம் எங்கே என்றால், மேசைக்கும் கொன்டெய்னருக்கும்கூட ஆண்பால் பெண்பால் உண்டு, அதற்கு நம் அஃறிணை உதவாது. பிழைவிடுங்கள், பரவாயில்லை. பால் பிழைத்தது என்று ஓடரைத் திருப்பியவரை நான் கண்டதில்லை.

எந்த ஸ்பானிஷ் என்றால், உங்கள் வாடிக்கையாளர் பேசுகிற ஸ்பானிஷ். இலங்கைக் கறுவாவை ஆக அதிகமாக வாங்குகிற நாடு மெக்சிக்கோ. அல்பா, கொன்டினென்டல், மெக்சிக்கன், ஹம்பர்க் என்றுதான் நம் தர வகைகளுக்கே பெயர், நீங்கள் இன்வொய்ஸில் எம்5 என்று அடிக்கிற எம் அந்த மெக்சிக்கன்தான். ஸ்பெயினில் பலரைச் சேர்த்து விளிக்க இருக்கிற ‘வொசோத்ரோஸ்’ வினை வடிவங்களை லத்தீன் அமெரிக்காவில் யாரும் பேச்சில் பாவிப்பதில்லை, அந்தப் பாடத்தை அப்படியே தாண்டுங்கள்.

டிப்ளோமாக் காசில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, ஒன்லைனில் தனியாகச் சொல்லிக்கொடுக்கிற மெக்சிக்கோ ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். கிழமைக்கு இரண்டு வகுப்பு, பேச்சு மட்டும். எங்கள் இரவு 8.30 மெக்சிக்கோ நகரத்தில் காலை 9, 2022இல் கோடை நேரமாற்றத்தை அங்கே கைவிட்டதால் இது வருடம் முழுக்க மாறாது. உங்களுக்கு வந்த பழைய வொய்ஸ்களே பாடப்புத்தகம், ஆனால் அதிலுள்ள கம்பனி விலையையும் பெயர்களையும் ஆசிரியருக்குக் கேட்கவிடாமல் நீங்களே திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். அப்புறம் அவர்களுடைய நாட்காட்டியையும் படியுங்கள். பெரிய வியாழன், பெரிய வெள்ளி பூட்டு. டிசம்பர் 12 குவாதலூப்பே மாதா திருநாளில் இருந்து ஜனவரி 6 மூவிராசாக்கள் திருநாள்வரை எதுவும் மெதுவாகத்தான் நகரும். பெரிய வெள்ளி விடுமுறை முடிந்து அவர்கள் திரும்பி வந்தாலும், ஏப்ரலில் இங்கே சித்திரை வருடப்பிறப்புக்குக் கறுவா உரிக்கிறவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், ஆகவே அந்த மாத ஓடரை மார்ச்சிலேயே கதைத்து முடிப்பது நல்லது.

சான்றிதழ் வேண்டும் என்றால் பிறகு பார்க்கலாம். ஸ்பெயின் அரசின் மொழி நிறுவனமான செர்வாந்தெஸ் நிறுவனத்தின் டெலே பரீட்சைச் சான்றிதழ் காலாவதியாகாது, சியெலே என்ற மற்ற ஸ்பானிஷ் பரீட்சையின் சான்றிதழ் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். பி1 என்கிற நடுத்தர மட்டத்துக்கு வராமல் இரண்டுக்கும் காசைக் கரைக்காதீர்கள்.

வேலை போனால்? அறுகம்பேயில் சீசனுக்கு ஸ்பெயின்காரரும் வருகிறார்கள், பாசிக்குடா ஹோட்டல்களும் இருக்கின்றன, மொழி தெரிந்தவரைத் தேடத்தான் செய்வார்கள். ஆனால் அது வருடத்தில் சில மாத வேலை, சுற்றுலா வழிகாட்டி என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரமும் எடுக்க வேண்டும். அதைவிட இப்போது இருக்கிற கம்பனியிடமே வகுப்புச் செலவில் பாதியைக் கேட்டுப் பாருங்கள், அந்த 450 கிலோ கணக்கையும் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா